நின்று நின்று வந்த மூச்சு

மத்தியானம் மூன்று மணி இருக்கும். டிராம்பே தொழிற்சாலை வாசலில் எங்கள் கம்பெனி பஸ் நின்றிருந்தது. சீக்கிரம் வேலை முடிந்து நான் மட்டும் ஏறி உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அண்ணாச்சி ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது எங்களுக்குப் பழகிய வேடிக்கை. அன்று சட்டென்று நின்றது. குறட்டை மட்டுமல்ல, மூச்சே நின்றிருந்தது, முதுகில் அசைவில்லை. பதறி நான் எழுவதற்குள், முங்கிப்போனவர் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல ஒரு திணறலோடு மூச்சை இழுத்தார். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை, மறுபடி நிசப்தம்.

திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடித்தனம். எங்களைச் செம்பூரில் ஏற்றி மாலையில் அங்கேயே கொண்டுவிடுவார். ரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரை விழுங்கியும் இறங்கவில்லை. கருவாட்டை விட்டார், ஊறுகாயை விட்டார். "உப்பில்லாம தின்னு நாக்கே செத்துப்போச்சு தங்கச்சி. பிரஷரு மட்டும் அப்படியே நிக்கி," என்பார். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கம்பெனி டாக்டர் திட்டி அனுப்புவார். உண்மையில் அவர் ஒருவேளையும் தவறவிட்டதில்லை.

விழித்ததும் சொன்னேன். "தூங்கறச்சே உங்களுக்கு மூச்சு நின்னுடறது அண்ணாச்சி. டாக்டர்ட்ட சொல்லுங்கோ."

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொன்னா வண்டிய புடுங்கிருவாவ. பிள்ளைய ரெண்டும் படிக்குது. நீங்களும் வாயத் தொறந்துராதிய."

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை. பின்னால் ஹார்ன்கள் அலறின. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கண்கள் மூடியிருந்தன. வண்டிக்குள் நாற்பது பேர் இருந்தோம். அன்று நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். தூக்கத்தைச் சோதித்ததில் விஷயம் தெரிந்தது. தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, உடம்பு ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறுகிறது. இது ஓயாமல் நடப்பதால் பகலிலும் அது இறங்குவதில்லை. மாத்திரை மட்டும் என்ன செய்யும்? அவரைத் திட்டியதற்காக டாக்டரே வருத்தப்பட்டாராம்.

அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. ஷெட்டில் ரெஜிஸ்டர் எழுத உட்கார்த்தியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்பது உயிர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும், ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைத்துவிட்டோமே என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். இரும்பு ஏணி ஏறிப்போகும் மாடி அறை. அவர் மனைவி டீயைக் கையில் திணித்தார். மூச்சு நிற்காமலிருக்க மூக்கில் மாட்டித் தூங்குகிற கருவி, துண்டு போர்த்தி ஸ்டூல் மேல் இருந்தது. அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாத்திரைய நிப்பாட்டிட்டாரு டாக்டரு." பிறகு என் பக்கம் திரும்பி, "காலையில தலவலியும் இல்ல தங்கச்சி," என்றார்.

அந்தத் 'தங்கச்சி' எனக்குப் போதுமாயிருந்தது.

சில மாதங்களில் பஸ்ஸும் அவரிடம் திரும்பி வந்தது. இந்த வருடம் ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் என் காதில் இருப்பது, அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்ப ஏணிவரை வந்து அவர் மனைவி சொன்னது.

"முந்தி அவுக சத்தத்துல தூக்கம் வராது. இப்ப சத்தமே இல்லியா, பயமாயிருக்கு. நெஞ்சுல கைய வச்சு, ஏறி எறங்குதான்னு பாத்துட்டுதான் கண்ணசருதேன்."