‘இல்லை’ என்று நான் எழுதிய பதில்

1961-ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை. சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் நான் குமாஸ்தா. மதியச் சாப்பாட்டு வேளையில், தீக்குச்சிகளை மருந்தில் முக்கும் கொட்டகையின் மேஸ்திரி என் மேஜைக்கு வந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். பதினொரு வருடப் பழக்கம். கையில் ஆயுள் இன்சூரன்ஸ் பாரம். ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொல்லி நிரப்பித் தர வேண்டும். கேள்விகளை விளக்கிச் சொன்னதாக அடியில் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

வயது, தொழில், பெற்றோர் விவரம் எல்லாம் எழுதியாயிற்று. விடாத இருமலோ, சளியில் ரத்தமோ உண்டா என்ற கேள்வி வந்ததும் பேனாவை நிறுத்தினேன்.

“இல்லைன்னு போடுங்க அண்ணாச்சி.”

“இருமல் இருக்கேப்பா.”

“இங்கன இருமாதவன் யாரு? இருமுறதை எல்லாம் எழுதணும்னா நம்ம ஊருக்குப் பேப்பர் பத்தாது. நீங்களுந்தான் இருமுறீக!”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதும் பொய்யில்லை. மருந்துத் தூளில் புழங்கும் எங்கள் பக்கத்தில் இருமலை யாரும் நோயாக எண்ணுவதில்லை; அது வேலையோடு வருவது. துண்டில் சிவப்பாக ஏதாவது தெரிந்தாலும் குச்சி மருந்தின் சாயம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இரண்டு மாதம் முன்பு, தண்ணீர்த் தொட்டியடியில் அவர் குனிந்து இருமி இருமித் துண்டை அலசியதை நான் பார்த்திருந்தேன். அது சாயம் அல்ல. அன்றைய டைரியில் குறித்தும் வைத்திருந்தேன்.

மற்றவர்கள் எழுந்து போனபின் அதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“ரெண்டும் பொட்டப்பிள்ளைக அண்ணாச்சி. நெசத்தை எழுதினா ஏஜெண்டு வாசலோட திரும்பிருவாரு. வீட்டுல அவளுக்கே தெரியாது. சாயம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

இன்சூரன்ஸ் டாக்டரிடம் சோதனைக்குப் போகுமுன் அவர் நாலு நாள் லீவு போட்டு, மருந்துக் கொட்டகைப் பக்கமே வராமல், பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு வீட்டில் இருந்தார். சோதனையின்போது இருமல் வரவில்லை. டாக்டர் கேட்டதற்கும் இல்லை என்றே சொன்னார். பாலிசி வந்தது.

பதின்மூன்றாம் மாதம் காசநோயில் இறந்தார். எழுந்து நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருந்தார்கள்.

இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். இரண்டு வருடமாக ரத்தம் வருகிறது என்று நோயாளியே சொன்னதாக ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருந்ததாம்.

“காய்ச்சல்ல ஏதாவது உளறியிருக்கலாம். கூட வேலை பார்த்தவர் நீங்க. பாரம் எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்றால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க வழி இருந்தது. அது எனக்குப் புரிந்தது. “தெரியும்” என்றேன். இரண்டாம் முறையும் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அதை நேர்மை என்று நான் இன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

பணம் தருவதற்கில்லை என்று கடிதம் வந்தது. அதை அவர் மனைவிக்குப் படித்துச் சொல்லவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். படித்தேன். பாரத்தில் நான் எழுதியதையும், அதிகாரியிடம் சொன்னதையும், தொட்டியடியில் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“பணம் கெடக்கட்டும் அண்ணாச்சி. பெட்டி ஒட்டியாவது பிள்ளைகளை வளத்துருவேன். ரத்தம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க? அன்னைக்கே ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேனே. ஊசி போட்டுப் பொழைச்சவுக இந்தத் தெருவுலயே இருக்காக.”

கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழு வருடமாகிறது. இப்போதும் பலர் பாரம் நிரப்ப என்னிடம்தான் வருகிறார்கள், நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த மனிதரின் நெஞ்சைப் பற்றி முதலில் கேட்டது அந்தக் காகிதம்தான், உள்ளதை எழுதியிருந்தால் பாலிசி போயிருக்கும், வீட்டுக்கும் விஷயம் தெரிந்து ஆள் ஒருவேளை பிழைத்திருப்பார் என்ற எண்ணம் மட்டும், எத்தனை பாரம் எழுதினாலும், என்னை விட்டுப் போவதாக இல்லை.