கோடு விழுந்த கேடயங்கள்

வெளியே மழை. பேத்திக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பன் சிவராசா, ரெய்னர்ஸ் லேன் கடையைப் பூட்டிவிட்டு என்னை லண்டன் ஓவியக்கூடம் ஒன்றுக்கு அழைத்து வந்திருக்கிறார். சிவராசாவின் தகப்பன் தாலி கட்டாத உறவில் பிறந்தவர் என்று ஊரில் பேச்சு. அதை விசாரிக்கத்தான் வீட்டார் என்னை அனுப்பினார்கள். வந்து நான்கு நாளாகியும் கேட்க வாய் வரவில்லை.

சுவரில் முந்நூறு வருடங்களுக்கு முந்திய அரசர் ஒருவரின் பிள்ளைகளுடைய படங்கள். எண்ணுகிறேன், ஏழு பேர். ஒருவரும் அரசிக்குப் பிறக்கவில்லை; ஆனாலும் ஆண்கள் எல்லோரும் பிரபுக்கள்.

கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, ஒரு படத்தின் மூலையில் குடும்பச் சின்னமாகத் தீட்டிய கேடயத்தைக் காட்டுகிறேன். “குறுக்கால ஒரு கோடு கிடக்கு, பாத்தீரோ? முறை தவறிப் பிறந்ததுக்கு அதுதான் அடையாளம்.”

“உவைக்கு ஆர் அண்ணை பொம்பிளை குடுத்தது?”

“பெரிய பெரிய குடும்பங்கள் போட்டி போட்டுக் குடுத்தவை.”

சிவராசா சிரிக்கிறார். “எங்கட அப்பருக்கும் அந்தக் கோடு இருக்கு, அண்ணை. நீங்கள் கேக்க வெக்கப்படுறியள் எண்டுதான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான்.”

எனக்குக் காது சுடுகிறது. “பெடியனுக்குத் தெரியுமோ?”

“ஓம். உங்கட பேத்திக்கும் தெரியும். இந்த இடத்தைச் சொன்னதே அவதான்.”

“அப்ப கலியாணத்தை எப்ப வைப்பம்?” என்கிறேன்.