மாதப்பா போட்ட மண்

மைசூரில் எங்கள் தெருவுக்கே மாதப்பா பயில்வான்தான். கோதாவில் எதிராளி மேல் ஒரு பிடி மண் போட வேண்டும். அவனும் திருப்பிப் போட்டால்தான் குஸ்தி. அப்படி ஒத்துக்கொள்ளாதவன் மேல் கை வைக்கமாட்டேன் என்று குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாதிடம் சத்தியம் செய்தவன். மீறினால் அப்புறம் குஸ்திக்கூடத்துப் படியேற முடியாது. அவனுக்கு உயிரே அந்தக் கூடம்தான். அப்படிப்பட்டவனைப் போய் மின்சார ஸ்கூட்டர் கம்பெனி வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள், பாவிகள்.

எதிரே என் இட்லி வண்டி, தினமும் பார்ப்பேன். கம்பெனிக்கு போன் நம்பர் கிடையாது, எல்லாம் ஆப்தான். புகார் என்று தட்டினால் சுற்றிச் சுற்றி முதல் பக்கத்துக்கே கொண்டுவந்து விடும். விடாமல் தட்டினால், 'உங்கள் புகார் தீர்ந்தது, நன்றி.' வயிறெரிந்து நேரில் வருகிறவன் கண்ணில் படுகிற ஒரே மனிதன் மாதப்பா. செருப்படியும் ஹெல்மெட் அடியும் அவனுக்குத்தான். ஒருத்தன் பூட்டுச் சங்கிலியால் விளாசி முன்பல்லைப் பெயர்த்தான். இவன் கையைப் பின்னால் கட்டியபடி ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஆப்ல போடுங்க சார்" என்றான்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் புட்டதாயி வந்தாள். பிரேக் பிடிக்கவில்லை என்று அவள் மகன் ஆப்பில் முட்டி மோதியும் 'தீர்ந்தது' என்றே பதில். போன வாரம் லாரிக்கடியில் நசுங்கிச் செத்தான்.

"நீதானேடா கம்பெனி? எம்மவனக் குடுடா."

அவள் கையிலிருந்த கருங்கல் மாதப்பாவின் இடது கண்ணில் இறங்கியது. அவள் ஓயும்வரை அடி வாங்கிவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்தான்.

சத்தம் கேட்டு மேனேஜர் சுஹாஸ் இறங்கி வந்தான். ஆப்பை அப்படி அமைத்த புத்திசாலி அவன்தான்.

"சார், பேசறதுக்கு ஒரு ஆளைப் போடுங்க. இந்தம்மா மவன் செத்துட்டான்."

"ஆளைப் போட்டா எல்லாரும் வந்துருவாங்க பயில்வான். சலிச்சுப் போகட்டும்னுதானே அப்படி வெச்சிருக்கோம். அதையும் மீறி வந்தா நீ இருக்கியே, வாங்கிக்க."

மாதப்பா சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கோதா மண்ணை எடுத்து அவன் தோளில் போட்டான்.

"என்னய்யா இது அசிங்கம்?" சுஹாஸ் தட்டிவிட்டான்.

மாதப்பா அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி அறைந்தான் பாருங்கள், கண்ணாடிக் கதவு நொறுங்கியது. தோள் எலும்பு முறிந்த சத்தம் என் வண்டிவரை கேட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ஜாமீனில் வந்ததும் நேரே குஸ்திக்கூடத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். உஸ்தாத் படியிலேயே மறித்தார்.

"மண்ணு போட்டியா?"

"போட்டேன்."

"அவன் திருப்பிப் போட்டானா?"

"இல்ல."

"அப்ப அது குஸ்தி இல்லியேடா."

மாதப்பா மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் உள்ளே கோதாவைப் பார்த்தான்.

"தெரியும் உஸ்தாத். தெரிஞ்சுதான் தூக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.