கோவளத்து டாக்டரின் வீட்டுப் பெயர்

எழுபதுகளின் கடைசியில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பிற்பாடு வேலைக்கு வந்தவர்களுக்கு நான் செய்த காரியத்தில் பங்கு கிடையாது.

எனக்குக் கொடுத்திருந்த ஜன்னல், ஊரில் நிலையான விலாசம் இல்லாதவர்களின் கடிதங்களை வைத்திருந்து, அவர்கள் வந்து கேட்கும்போது கொடுக்கிற ஜன்னல். விலாசம் இல்லாதவர்கள் என்றால் பெரும்பாலும் கோவளத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆண் என்றால் சாயிப்பு, பெண் என்றால் மதாம்மா. சட்டம் எளிமையானது. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அதிலுள்ள பெயரும் உறையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு வந்ததை வாங்குவதானால் அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். இதை எங்கள் போஸ்ட்மாஸ்டர் முதல் நாளே, "குட்டி, ரூல் உண்டு, அறியாமோ?" என்று கேட்டு எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்.

முதல் ஒரு மாதம் சட்டப்படி நடந்தேன். பிறகு முகங்கள் பழகிவிட்டன. பழகின முகத்திடம் பாஸ்போர்ட் கேட்பது, தினமும் பால் ஊற்றுகிறவரை வாசலில் நிறுத்தி நீங்கள் யார் என்று விசாரிப்பது போல எனக்கு இருந்தது. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர்களும் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

அவர்களில் ஒருவரைக் கோவளத்தில் எல்லோரும் டாக்டர் என்றார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சொறிமீன் பட்டுத் தோல் தடித்தாலும், வயிற்றால் போனாலும், பாறையில் காலைக் கிழித்துக்கொண்டாலும் மற்ற வெள்ளைக்காரர்கள் அவரிடம்தான் ஓடினார்கள். செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் ஊருக்குள் வருவார். சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் அரிசியும் காய்கறியும் வாங்குவார், பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார், பிறகு என் ஜன்னலுக்கு வருவார். தமிழ் பேசுவார். சாலையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் பிடித்த தமிழ்.

"அக்கா, நமக்கு காயிதம் உண்டுமா?" என்பார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவருக்கு இரண்டு பெயர்களில் கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த பெயருக்கு வந்தவை பழுப்பு உறைகள், விலாசம் டைப் அடித்திருக்கும். இன்னொரு பெயருக்கு மாதம் ஒரு நீலத் தாள், உறையில்லாமல் மடித்து ஒட்டிய விமானத் தபால், வரும். அதில் கையெழுத்து நடுங்கி நடுங்கி ஓடும். முதல் நீலத் தாளை அவர் கேட்டபோது நான் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன்.

"இது உங்க பேரு இல்லியே?"

"நமக்குத்தான் அக்கா. அம்மை எழுதுனது."

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலையில் குடியேறியவர்கள். மூத்த பெண்ணான எனக்கு என் அம்மாவின் மாமியார் பெயரை வைத்து, அதையே பள்ளிக்கூடத்திலும் எழுதிவிட்டார்கள். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொல்லித் திட்டவும் முடியாது. என்னைத் திட்டாமல் வளர்ப்பது நடக்கிற காரியமாகவும் இல்லை. ஆகவே அம்மா வேறொரு பெயர் வைத்துக் கூப்பிட்டாள். என் தம்பிக்கும் அப்படித்தான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஒரே பெயரோடு திரிகிறவர்களைத்தான், பாவம், அம்மா கொஞ்சவே இல்லை போலிருக்கிறது என்று நினைப்போம்.

"வீட்டுப் பேரா?" என்று நானே கேட்டேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமாக்கா," என்றார். "வீட்டுப் பேரு."

அவர் தேடிப்பிடிக்க வேண்டிய பதிலை நானே எடுத்து நீட்டியிருந்தேன். நீலத் தாளையும் நீட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இரண்டு பெயர்க் கடிதங்களையும் அலமாரியின் ஒரே கட்டத்தில் சேர்த்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேடுகிற வேலை மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பழவங்காடியில் வைத்துப் பிடித்தார்கள். அங்கே தேங்காய் விற்றவர் என் அப்பாவிடம் சொல்லி, அப்பா என்னிடம் சொன்னது இது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகள் இரண்டு பேர், உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர். டாக்டர் கையில் தேங்காயோடு நின்றிருந்தார். டெல்லிக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்ததும் உள்ளூர்க்காரர் குறுக்கிட்டு, "அது ஒடச்சிட்டு வரட்டே சாரே, கணபதிக்குள்ளதல்லே," என்றாராம். டெல்லிக்காரர்கள் கொஞ்சம் யோசித்து ஒரு கையை மட்டும் விட்டார்கள். தேங்காய் நன்றாகச் சிதறியதாம். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பேப்பரில் வந்தது. தன் நாட்டில் எந்தப் பட்டமும் இல்லாமல் பல வருடம் டாக்டராக இருந்தவர். ஒரு நோயாளி இறந்துபோய், வழக்கு நடக்கும்போதே தப்பி ஓடி வந்தவர். பாஸ்போர்ட்டும் அதிலிருந்த பெயரும் பொய். அம்மா எழுதிய பெயர்தான் நிஜப் பெயர். அதாவது நான் சட்டப்படி கொடுத்த கடிதங்கள் எல்லாம் இல்லாத ஒருவருக்கு வந்தவை. சட்டத்தை மீறிக் கொடுத்த நீலத் தாள்கள் மட்டுமே உண்மையில் அவருடையவை. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருட புரொபேஷனில் மூன்று மாதம் பாக்கி இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் சர்க்கார் வேலை அது.

செவ்வாய்க்கிழமை கோவளம் முழுவதும் என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. யாரும் கேட்காமலே பாஸ்போர்ட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு பேர், தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்று சொன்னார்கள். அந்த ஆறு பேரும் அவரிடம் வயிற்றைக் காட்டியவர்கள்தான். ஓர் இத்தாலிய இளைஞன், அவர் வீட்டிலிருந்த வலை ஊஞ்சலைப் போலீஸ் எடுத்துப் போவதற்குள் தான் எடுத்துக்கொண்டதை நல்ல செய்தி போலச் சொன்னான். ஒரு ஜெர்மன்காரப் பெண் செருப்பைக் கழற்றி, பாதத்தை என் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். பாறை கிழித்த இடத்தில் அவர் எட்டுத் தையல் போட்டிருந்தாராம். ஆறி, கோடு போலத் தெரிந்தது.

"இது இப்போது செல்லுமா?" என்று கேட்டாள். பிரித்துவிட்டு வேறு டாக்டரிடம் திரும்பப் போட வேண்டுமா என்பது அவள் கவலை. தபால் துறையில் அதற்கு விதி இல்லை என்றேன்.

கடைசியாக வந்தவர் ஒரு வயதான ஆங்கிலேய மதாம்மா. கோவளத்து வெள்ளைக்காரர்களில் அவர்தான் மூத்தவர். எல்லோருடைய விவகாரத்தையும் அவரே தீர்த்து வைப்பார். டாக்டர் ஏமாற்றியதைவிட, அப்படிப்பட்டவரோடு தினமும் மாலையில் சீட்டாடினோமே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"போலீஸ் என்னிடம் விவரமாகக் கேட்டார்கள், குழந்தை. உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன். பாஸ்போர்ட் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாத பெண், அவருக்கு இரண்டு பெயர்களிலும் எவ்வளவு அன்பாக எடுத்துக் கொடுப்பாள் என்று சொன்னேன். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பத்தே நாளில் மெமோ வந்தது. ஆள் அடையாளம் பார்க்காமல் தபால் பட்டுவாடா செய்தது ஏன், உன்னை வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் விளக்கத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜெர்மன்காரப் பெண்ணிடம், எல்லோரையும்தானே ஏமாற்றினார், அதை மட்டும் ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்றரை வருடம் ஒருவர் முகத்தையும் மறக்காமல் வைத்திருந்தேனே, அவர்களில் ஒருத்தருக்காவது என் முகம் நினைவிருக்கக் கூடாதா?

சாலையில் அரிசி மண்டியில் எடை போடுகிற வேலை அப்பாவுக்கு. முழங்கால் வலியோடு நாள் பூராவும் தராசடியில் நிற்பார். மெமோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் கடைசி வரை பார்த்தார்.

"ஏட்டி, நீ பாஸ்போட்டு கேட்டியா, கேக்கல்லியா?"

"கேக்கல்ல அப்பா."

"கேட்டேன்னு எழுது."

"கேக்கலயே."

"அது எனக்குத் தெரியும். நீ எழுது."

நான் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். மாமியார் பெயரை மருமகள் உச்சரிக்காத வழக்கத்தை ஆங்கிலத்தில் இரண்டரைப் பக்கம் விளக்கினேன். உதாரணத்துக்கு என் தம்பியின் இரண்டு பெயர்களையும் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வருகிற சீனியர் மாமி ஒருவர் இருந்தார். அவரிடம் திருத்தக் கொடுத்தேன்.

"என்னடி எழுதி வெச்சிருக்கே?" என்றார். "மாமியார், மருமகள், திட்டறது... இதெல்லாம் அவாளுக்கு எதுக்கு? எனக்குப் புத்தி இல்லேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாப்பல இருக்கு."

"அதான் மாமி நடந்தது."

"நடந்ததையெல்லாமா எழுதுவா?" என்றவர், ஆனாலும் இரண்டு இடத்தில் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நாகர்கோவில்காரர். போஸ்ட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். விளக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மதாம்மாவின் இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டினார். நல்ல ஆங்கிலம். அன்பு என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. இன்னும் நான்கு பேர் சொன்னதையும் படித்தார். அதில் எங்குமே அன்பு இல்லை, ஆனால் விஷயம் ஒன்றுதான்: நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நான் கைப்பையைத் திறந்து காகிதத்தைத் தொட்டேன்.

"இருங்க," என்றார். "அந்த ஆளோட வாக்குமூலம் ஒண்ணு இருக்கு. ஜெயில்ல வச்சு எடுத்தது."

நிதானமாகப் படித்தார். டாக்டர் சொல்லியிருந்தது இது: ஜன்னலில் இருக்கும் பெண் மிகவும் கண்டிப்பானவள். என் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இன்னொரு பெயரில் வந்த கடிதத்தைத் தர முடியாது என்று சட்டத்தைச் சொல்லி இரண்டு தடவை என்னைத் திருப்பி அனுப்பினாள். வேறு வழியில்லாமல், அந்தப் பெயருக்குரியவர் நோயாளி என்று சொல்லி, அவர் கொடுத்தது போல ஓர் அதிகாரக் கடிதத்தை நானே எழுதி, கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். அதைப் பார்த்த பிறகே கொடுத்தாள். அவளை ஏமாற்றியது நான்.

ஒரு சொல் கூட உண்மை இல்லை. இருந்த கேஸ் போதாதென்று ஒரு கள்ளக் கையெழுத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோவளத்தில் அத்தனை பேர் உண்மையைச் சொல்லி என்னைக் கவிழ்த்திருந்தார்கள். பேப்பரெல்லாம் ஃபிராடு என்று எழுதிய ஆள், எங்கேயோ ஒரு சிறையில் உட்கார்ந்து, என் பொருட்டு இவ்வளவு கச்சிதமாகப் பொய் சொல்லியிருந்தார். அவரால் ஓர் ஆள் செத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் நினைத்தேன். நினைத்தபடியே கைப்பையை மூடினேன்.

"பழைய அதிகாரக் கடிதத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டிருப்பீங்க, இல்லையா?" என்றார் அதிகாரி.

போஸ்ட்மாஸ்டர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, பழையதை வைக்கிற வழக்கம் இல்லை என்றார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினீங்கன்னு சொல்லியிருக்கான். அது சரிதானா?"

"மூணு தடவை சார்," என்றேன்.

அவர் இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதிக்கொண்டார்.