கடைசிப் பேட் காலியாகவே இருக்கட்டும்

ஹமீது பாய் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் சிதம்பரம் கீழ வீதியில் கையில் கீரைக்கட்டோடு நின்றிருந்தேன். நான் பாடும் இன்னிசைக் குழுவை நடத்தும் கணேசன்தான் அழைத்தார். மேடையில் மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், அன்று "பாய் போயிட்டாருங்க" என்றதோடு நின்றுவிட்டார். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கீரையைக் கடையிலேயே வைத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. ஒத்திகைக்குக் கொஞ்சம் தாமதமானால்கூட முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகிறவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் கடலூர் செம்மண்டலத்துக்காரர். எங்கள் குழுவில் சாம்ப்ளர் வாசித்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பெட்டி. அதன்மேல் வரிசையாக ரப்பர் பேட்கள். எந்தச் சத்தத்தையும் பதிந்து ஒரு பேடில் வைத்துக்கொள்ளலாம். விரலால் அமுக்கினால் ஒலிக்கும். சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். துபாயிலிருந்த அவருடைய மச்சான் வாங்கிவந்து கொடுத்த பெட்டி அது. மற்ற குழுக்காரர்கள் லேப்டாப்புக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. "லேப்டாப்ல கண்ணு ஸ்கிரீன் மேலயே இருக்கும் தங்கச்சி. இதுல கண்ணு பாடுறவுங்க மேல இருக்கும்" என்பார். அவர் வந்த புதிதில் 'பட்டன் பாய்' என்று பெயர் வைத்தவள் நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே எழுதிப் பெட்டியின் உறைமேல் ஒட்டிக்கொண்டார்.

தொடக்கத்தில் அவரும் எல்லோரையும்போல இணையத்தில் சாம்பிள் பேக் தேடியவர்தான். யாரோ எங்கோ பதிந்து, கொத்துக் கொத்தாகக் கட்டிவைத்திருக்கும் ஒலிகளுக்கு அந்தப் பெயர். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாரானால், டீ ஆறி ஏடு படிந்துவிடும். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழிப்பார். ஒருநாள் 'இந்தியக் கிராமம்' என்றொரு பேக்கை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். சித்தார், மகுடி, நடுவில் யானையின் பிளிறல். "நம்ம பக்கம் எந்த ஊர்ல மச்சான் காலையில யானை கத்துது?" என்று கணேசனிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர் ஒன்று குடியேறியது. துறைமுகத்துப் படகு எஞ்சின், கரும்பு வண்டி மாட்டின் மணி, சிதம்பரத்தில் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டும் தட்டு எல்லாம் எங்கள் பாட்டுகளுக்குள் வந்து உட்கார்ந்தன. கேட்டவர்கள் இது என்ன வாத்தியம் என்று விசாரிப்பார்கள். பாய் பெருமையாகச் சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. அவ்வூர்ச் சர்க்கரை ஆலையில் வேலைக்கு அழைக்க ஊதும் சங்கை அருமையாகப் பதிந்து வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் மகிழ்வார்கள் என்று நம்பி, ஒரு துள்ளல் பாட்டின் நடுவே அதை அமுக்கினார். பந்தியில் இருந்த ஆலைத் தொழிலாளர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கைகழுவி, பைக்கையும் கிளப்பிவிட்டார். மனைவி ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கவேண்டியிருந்தது. எங்களுக்குச் சிரிப்பு. பாய் சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி மன்னிப்புக் கேட்டார். பிறகு பந்திக்கே இறங்கிப் போய், எழுந்தவர்களை உட்காரவைத்து, புது இலை போட்டுத் தானே பரிமாறினார்.

திரும்பும்போது வேனில் சொன்னார்: "ஒரு சத்தத்த அதோட சொந்தக்காரவுங்க எதிர அமுக்கக் கூடாதுங்க. நமக்குத்தான் அது மியூசிக்கு. அவுங்களுக்கு அது வேல." அதன்பிறகு ஆலைச் சங்கு சிதம்பரத்தில் மட்டும் ஒலித்தது, கண்டக்டரின் தட்டு கடலூரில் மட்டும்.

அந்த விதி ஒருநாள் எனக்காகவும் வந்து நின்றது. எங்கள் தொடக்கப் பாட்டில் நான் மேல்சுருதியில் எடுக்கும் ஹம்மிங்தான் குழுவுக்கே அடையாளம். அதை என்னிடம் கேட்டுக்கொண்டு பதிந்து, கடைசிப் பேடில் வைத்திருந்தார் பாய். பிறகு எனக்குக் கழுத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் திரும்பியது, ஆனால் தடித்துத் திரும்பியது. மேல் ஸ்வரங்கள் வரவேயில்லை. இனி மேடை இல்லை என்றே நினைத்துவிட்டேன். கணேசன் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்: நான் வாயசைத்தால் போதும், பாய் பேடை அமுக்கிவிடுவார். நானும் ஒப்புக்கொண்டேன். பழைய குரலை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பாய் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அமுக்குங்க பாய்" என்றேன்.

"சொந்தக்காரவுங்க எதிர நிக்கிறாங்களே."

"அவ்ளோ மேல என்னால ஆகாதுங்க."

"நீங்க மேல போக வேணாம். நாங்க கீழ வர்றோம்."

சொன்னபடியே வந்தார். பாட்டின் ஒவ்வொரு ஒலியையும் என் புதுக் குரலுக்கு ஏற்ப இறக்கினார். இறக்கியதில் படகு எஞ்சின் சோம்பலாகிவிட்டதென்று, துறைமுகத்துக்கே போய் அடித்தொண்டையில் உறுமும் வேறொரு படகைத் தேடிப் பதிந்துவந்தார். எல்லாம் பொருந்திய பிறகு, கடைசிப் பேடைக் காட்டி, அழித்துவிடட்டுமா என்று கேட்டார். "உங்க சொத்து. நீங்கதான் சொல்லணும்" என்றார். அழிக்கச் சொன்னேன்.

அந்தப் பேடை அவர் மறுபடி நிரப்பவேயில்லை. ஹம்மிங் வரும் இடத்தில் காலிப் பேடை ஒரு விரலால் அமுக்கிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் எடுப்பேன். இன்றுவரை அந்தத் தடித்த குரலில்தான் பாடுகிறேன். அவர் இல்லையென்றால் நான் வீட்டோடு முடங்கியிருப்பேன். இதை அவரிடம் நேரில் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பின், அவர் மனைவி பானு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுங்க கொரல அந்தப் பொட்டியில எங்கனா வெச்சிருக்காங்களான்னு பாருங்க" என்றார். நானும் கணேசனும் ஒவ்வொரு பேடாக அமுக்கினோம். சங்கு ஊதியது, படகு உறுமியது, மாட்டு மணி குலுங்கியது. பாய் மட்டும் எங்கும் இல்லை. ஊர்ச் சத்தத்தையெல்லாம் பிடித்துவைத்த மனிதர், தன் பக்கம் ரெக்கார்டரைத் திருப்பவே இல்லை. பானு உறையை எடுத்துப் பெட்டியை மூடினார். "அவுங்க கேக்குறதுக்குன்னே பொறந்தவுங்க" என்று சொல்லி, பெட்டி குழுவிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

போன வாரம் சிதம்பரத்தில் கச்சேரி. கணேசனே தடுமாறித் தடுமாறி அந்தப் பெட்டியை வாசித்தார். கடைசிப் பேடில் என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தார். காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஹம்மிங் நெருங்கியபோது, பாவம், அவர் இரண்டு கையும் கண்ணும் பெட்டியிலேயே சிக்கியிருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்க்க ஆளில்லை. பக்கத்தில் போய், கையை நீட்டி அந்தப் பேடை நானே அமுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. நான் எடுத்தேன்.

பாடிவிட்டேன் பாய். போய்வாருங்கள்.