தட்டிச் சுவர் வழியே வந்த பதில்

இரண்டு ஜெபங்களைப் பற்றிச் சபையாருக்குச் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது சாட்சியாகாது.

1963 ஜூன் மாதம். டாக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்தார். கல்தூள் நுரையீரலில் படிந்துவிட்டது, இனியும் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினால் உயிர் தாங்காது என்றார். மேலே ஆபீசில் ரிப்போர்ட் எழுதும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். சாதாரண ஆங்கிலம் எனக்கு வரும். அவர்கள் கேட்டதோ கடினமான பெயரடைகள். ஷிப்ட் முடிந்து வந்து சத்தமாகப் படிப்பேன். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. 'இன்றும் தங்கவில்லை' என்றே டைரியில் எழுதிவந்தேன். இந்தச் சொற்களை என் தலையில் நிறுத்தும் ஆண்டவரே என்று முழங்காலில் அழுதேன். பதில் இல்லை.

தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் உறக்கம் போகும். பக்கத்து வீட்டு முனுசாமி சுரங்கக் கூரைக்கு மரமுட்டுக் கொடுப்பவன். அவனுக்கும் அதே இருமல். எழுதப் படிக்கத் தெரியாது.

"இன்னாண்ணே, டெய்லி யாரை இங்கிலீஷ்ல திட்டிக்கினு கீறீங்க?" என்று கிண்டல் செய்வான்.

ஒரு சாயங்காலம், எந்நேரமும் சரியக்கூடியது என்பதற்கு என்ன சொல் என்று வாய்விட்டுக் கேட்டுத் தவித்தேன். இருமல் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டேன். தட்டிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பிரிகேரியஸ். முட்டு இல்லாத கூரைண்ணே. மறந்துட்டீங்களா?"

இத்தனை வாரமும் அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அன்றுமுதல் அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேள்வி கேட்டான். ஒவ்வொரு சொல்லையும் நாங்கள் அறிந்த ஏதாவதொன்றோடு கட்டிவைத்தான். தளராத என்று பொருள்படும் 'இன்டெஃபாட்டிகபிள்' வந்தபோது, "இது பங்காருபேட்டை கூட்ஸ் வண்டிண்ணே, போய்க்கினே கீது" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போது அறிந்தேன்.

செப்டம்பரில் ராபர்ட்சன்பேட்டையில் பரீட்சை. அதற்கு முன்பே முனுசாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வினாத்தாளைப் படிக்கப் படிக்க அவன் குரல் கேட்டது. எழுதினேன். தேறினேன்.

அவனுக்காகவும் ஜெபித்தேன். அதே முழங்கால், அதே கண்ணீர். தேறியதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"மேல வந்துட்டீங்களாண்ணே?"

வந்துவிட்டேன் என்றேன்.

"அப்போ நல்லா மூச்சு வுடுங்க."

மறுவாரம் அவனை அடக்கம் செய்தோம்.

எனக்கு ஏன் மேலே இடம், அவனுக்கு ஏன் மண்ணுக்குள் இடம் என்று கர்த்தரிடம் இன்றும் கேட்கிறேன். பதில் வரவில்லை. முதல் பதில் வந்த வழி மட்டும் தெரியும். அதற்காக நன்றி சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட உட்காருவதில்லை. முன்பெல்லாம் ஆமென் சொன்னதும் எழுந்துவிடுவேன். இப்போது கொஞ்ச நேரம் தட்டிப் பக்கம் காது கொடுக்கிறேன். அங்கே அவன் மனைவி அஞ்சலை இருக்கிறாள். அவள் அழும் சத்தம் கேட்டால் என் மனைவி எழுந்து போகிறாள்.

துன்பத்தில் இருப்பவர்களே, நம்பிக்கையோடு கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, பக்கத்து வீட்டுக்கும் சற்றுக் காது கொடுங்கள்.