மீனுக்கு வந்த பூனையல்ல

எங்கள் ஊரான நீர்வேலியின் சிவப்பு மண்ணுக்குக் கீழே பாறை. சண்டையால் வெடிமருந்து கிடைக்காத காலத்தில் அந்தப் பாறையை இரும்பு அலவாங்கால் உடைத்துக் கிணறு வெட்டியவன் நான். இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இரண்டு தரமும் திரும்பி வந்து, அழிந்து கிடந்த வாழைத் தோட்டத்தை எழுப்பினேன். குலை ஏற்றச் சொந்தமாக லொறி வாங்கினேன். மேல்மாடி வைத்து வீடு கட்டினேன். மூன்று பிள்ளைகளையும் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டது. நான் ஒன்றையும் விடவில்லை.

மனைவி கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் நான் ஒருவன்தான். மேல்மாடிக்குக் கூட்டுவதற்கு மட்டும் ஏறுவேன்.

பூனைக்குட்டி குலை அடுக்கும் கொட்டிலில் பிறந்தது. தாய்ப்பூனை வீதியில் அடிபட்டுச் செத்ததும் சாக்கைப் போட்டுக் குட்டியைப் பிடித்தேன். பெருவிரலைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அதைக் கீழ்வீட்டில் மகளின் பழைய அறையில் விட்டேன். அலுமாரிக்குப் பின்னால் ஓடியது. வாசலில் என் நிழல் விழுந்தாலே சீறும்.

மகள் தொலைபேசியில் வழி சொன்னாள்.

"பக்கத்திலை இருந்து ஏதும் வாசியுங்கோ அப்பா. உங்கடை குரல் பழகட்டும்."

"நான் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்க அது கிழடாகிப் போயிடும்."

"அப்ப கதையுங்கோ. கதைக்கிறதுக்கு உங்களுக்குச் சொல்லித் தரவேணுமே? ஆனால் அது ஒட்டாட்டில் பிடிச்சு வைச்சிருக்காதேங்கோ, பாவம். திறந்து விடுங்கோ."

ஓம் என்றேன். திறந்து விட்ட பிறகு வீடு எப்படி இருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை.

முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்து நிலத்தில் அமர்ந்து, அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தேன். கிணறு வெட்டிய கதையைத் தொடங்கினால் என் பிள்ளைகள், "ஓம் அப்பா, தெரியும்" என்பார்கள். குட்டிக்குத் தெரியாது. முழுக்கக் கேட்டது.

மனைவி போனதிலிருந்து நான் சைவம். ஆனாலும் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரனை மறித்தேன்.

"ஐயா சைவமெல்லே?"

"எனக்கில்லை. பூனைக்கு."

"ஓம் ஐயா. இந்த ஒழுங்கையிலை சைவக்காரர் எல்லார் வீட்டிலையும் ஒரு பூனை நிக்குது."

குட்டி சூடை மீனைக் கவ்வும், அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். அதற்கு மீன் வேண்டும், நான் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் மீன் வராது, வந்தாலும் வாங்க ஆளில்லை. அன்று பாலும் சோறும் வைத்தேன். மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. எனக்கு வெறுத்துவிட்டது. அறைக் கதவையும் பின்கதவையும் விரியத் திறந்தேன்.

"போறதெண்டால் போ."

படியிறங்கினால் வாழைத் தோட்டம். பிறகு அது பிடிபடாது. வேறு எங்கே போய் இருப்பது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே இருந்து, லொறி வாங்கிய கதையைத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

சீமெந்துத் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. குட்டி என்னைத் தாண்டிப் பின்கதவு வரை போனது. தோட்டத்தைப் பார்த்தது. திரும்பி வந்து என் பாதத்தின் மேல் படுத்தது. ஈரத் துணியின் பாரம்தான். கால் விறைத்தும் நான் அசையவில்லை. விட்ட இடத்திலிருந்து கதையைச் சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இப்போது மீன்காரன் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிகிறான், "என்ரை சூடைதான் அதைப் பழக்கினது" என்று. மகளும் நான் எடுத்தனுப்பிய பூனைப் படத்தைப் பார்த்துவிட்டு, "மீன்காரருக்குத்தான் நன்றி சொல்லவேணும் அப்பா" என்கிறாள்.

அன்று இந்த வீட்டில் ஒரு மீன் செதில்கூட இல்லை. கதவு திறந்து கிடந்தது. அது நின்றது என் குரலுக்கு.

மகளே, அந்தப் படத்தைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாய். அதன் கீழே, அப்பா கதைத்துப் பழக்கிய பூனை என்று எழுது. மீனைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம்.